ராஜாவுக்குத் தம் போடுவது எப்படி?

ஹைதராபாத் தம் பிரியாணிக்கு மூடியின் விளிம்பைக் கோதுமை மாவால் ஒட்டிவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஆவிக்கு வெளியேற வழி கிடையாது. மூடிமேல் வைத்த கங்கின் சூடு மட்டும் தடையில்லாமல் இறங்கும். ராணியைப் பலி கொடுத்து ஜெயிக்கும் ஒரு செஸ் புதிரும் அச்சாக இப்படித்தான் இயங்குகிறது. (2002இல் ஆனந்த் செஸ் உலகக் கோப்பையை வென்ற ஊர் ஹைதராபாத்; பிரியாணியைச் செஸ்ஸுக்குள் இழுத்தால் கோபித்துக்கொள்ளாது.)

பலகையை எடுங்கள். கறுப்பு ராஜா ஜி8, யானை எஃப்8, சிப்பாய்கள் ஜி7, எச்7. வெள்ளை ராஜா ஜி1, ராணி சி4, குதிரை எஃப்7. ஆட வேண்டியது வெள்ளை.

குதிரை எச்6க்குத் தாவுகிறது. குதிரையும் செக்; அது விலகியதில் வழி திறந்த ராணியும் செக். சிப்பாய் குதிரையை வெட்டினாலும் ராணியின் செக் அப்படியே நிற்கும். ஆகவே ராஜா ஓடியே தீர வேண்டும். எஃப்7 ராணியின் பார்வையில் இருக்கிறது, எஃப்8இல் சொந்த யானை. மிச்சம் எச்8 மூலைதான்.

இப்போது ராஜா பானைக்குள். பலகையின் ஓரமும் அவருடைய சிப்பாய்களும்தான் சுவர். ஆவி கசிய ஒரே ஓட்டை, ஜி8. அங்கேதான் ராணியைக் கொண்டுபோய் வைக்கிறோம். செக்! முதல்முறை பார்க்கிறவர் கை தவறிவிட்டது என்றே நினைப்பார். ராஜா ராணியை வெட்ட முடியாது, குதிரை காவல் நிற்கிறது. யானைதான் வெட்டியாக வேண்டும். வேறு நகர்வே இல்லை. வெட்டிய யானை ஜி8இல் வந்து உட்காருகிறது. ஓட்டை அடைபட்டது, அதுவும் எதிராளி வீட்டு மாவால்!

குதிரை மறுபடி எஃப்7. செக்மேட். குதிரைக்கு வழி திறந்திருக்க வேண்டியதில்லை. கங்குச் சூடுபோல மூடியைத் தாண்டி இறங்கிவிடும்.

ராணிக்கு 9, யானைக்கு 5 என்று கணக்குப் போடுகிறவருக்கு இந்தப் புதிர் பிடிபடாது. ராஜா ஓடக்கூடிய கட்டங்களை எண்ணுங்கள். ஒன்றே ஒன்று மிஞ்சினால், அதை எதிராளியின் எந்தக் காய் வந்து அடைக்கும் என்று தேடுங்கள்.

இந்த உத்தி 1497இல் ஸ்பெயினில் அச்சான லூசெனாவின் செஸ் நூலிலேயே இருக்கிறது. பெயரை மட்டும் 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக்காரர் ஃபிலிடோர் தட்டிக்கொண்டு போய்விட்டார்.