திகில் கதை: யார், எதை, எப்போது படிக்கலாம்?

மருத்துவமனைப் படுக்கையில் நாள்கள் நீளும்போது புத்தகம் நல்ல துணை. பேய்க்கதை படிக்கலாமா என்று நோயாளிகளும் உடனிருப்போரும் எங்களிடம் கேட்பதுண்டு. பெரும்பாலோர் படிக்கலாம். எதை, எப்போது என்பதில்தான் கவனம் வேண்டும்.

அச்சம் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அதை வைத்து, அணங்கு, விலங்கு, கள்வர், தம் தலைவன் என நான்கு காரணங்களையும் கூறுகிறது. நம் காஞ்சியிலிருந்து புறப்பட்ட படையைப் பாடும் கலிங்கத்துப்பரணியில், பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்து உண்கின்றன. அச்சமும் நகைப்பும் அங்கே கலந்தே வருகின்றன.

கதை கற்பனை என்று அறிவு உணர்ந்திருந்தாலும் உடல் சிறிது ஏமாறும். அட்ரினலின் சுரந்து நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரும். நலமுடையோருக்கு இது விரைவில் தணியும். அண்மையில் மாரடைப்பிலிருந்து தேறியோரும், சீரற்ற இதயத்துடிப்பு உடையோரும் தம் மருத்துவரிடம் கேட்டபின் படிப்பது நன்று. வலிப்பு நோயாளிகள் உறக்கத்தை இழக்கலாகாது. ஆகவே இரவு வாசிப்பு அவர்களுக்கு வேண்டாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சிலர் இல்லாத உருவங்களைக் காண்பர். இது டெலிரியம் எனப்படும் மனக்குழப்பம். நோய்த்தொற்று, ஆக்சிஜன் குறைவு, உப்புச்சத்து மாறுபாடு, சில மருந்துகள், உறக்கமின்மை ஆகியவை இதற்குக் காரணம். பேய் பிடித்துவிட்டது என்று குடும்பத்தார் அஞ்சிக் காலம் தாழ்த்தாமல், உடனே செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும். தேறிய பின்னும் கெட்ட கனவுகள் சில காலம் தொடரக்கூடும். அவை நீங்கும்வரை திகில் கதைகளைத் தள்ளி வையுங்கள். புரோப்ரனலோல் போன்ற மருந்துகளாலும் கெட்ட கனவுகள் வரலாம். மருந்தைத் தாமாக நிறுத்தாமல் எங்களிடம் சொல்லுங்கள்.

புதிய வாசகர் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு கதையும் சிறியது; கேள்விக்கு விடையும் கிடைத்துவிடும். அடுத்து சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. அமானுஷ்யமா, அறிவியலா என்று கணேஷும் வசந்தும் ஆராய்வதால், அச்சத்தினூடே அறிவும் துணை வரும். 1943இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' சிறுகதைதான். ஆயினும் ஐயத்தைத் தெளிவாகத் தீர்க்காமலே முடிவது. விடை தெரியாவிட்டால் உறங்க இயலாதவர் அதைப் பிறகு படிக்கலாம்.

தேர்ந்தெடுக்கும்போது சிலவற்றைக் கருதுங்கள்:

• முன்பே படித்தவரிடம் கதையின் போக்கைக் கேளுங்கள். அண்மையில் உறவினரை இழந்தவர் மரணக் கதைகளைத் தவிர்க்கலாம்.

• பகலில் படியுங்கள். உறங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் வேண்டாம்.

• வார்டில் உரக்கப் படிக்காதீர்கள். அடுத்த படுக்கையில் இருப்பவரின் மனநிலையை நாம் அறியோம்.

• மனம் பதறினால் பாதியிலேயே மூடிவிடுங்கள். அது கோழைத்தனமன்று.

நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால், கதையின் விளைவு என்று கருதிக் காத்திருக்க வேண்டாம். உடனே உதவியை நாடுங்கள். சில இரவுகள் தொடர்ந்து உறக்கம் கெட்டால் அடுத்த வருகையில் அதைக் கூறுங்கள். என்ன மருந்து உண்கிறீர்கள் என்பதோடு, என்ன படிக்கிறீர்கள் என்பதையும் கேட்டறிய நாங்கள் விரும்புகிறோம்.