எந்த ஊர் பத்தாம் நம்பர்?

அணுசக்தி நகர் வீடுகளின் பரணில் அம்மாவோ பாட்டியோ விட்டுப்போன ஸ்வெட்டர் பின்னல் புத்தகம் இருக்கலாம். பழுப்பேறிப் போச்சேன்னு பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்க. கணக்கு புரிந்தால் இன்றும் அதைப் பார்த்துப் பின்னலாம்.

முதல் சிக்கல் ஊசி. 10-ஆம் நம்பர் என்பது பழைய பிரிட்டிஷ் புத்தகத்தில் 3.25 மில்லிமீட்டர், அமெரிக்கப் புத்தகத்திலோ 6 மில்லிமீட்டர்! பிரிட்டிஷ் கணக்கு, கம்பியின் தடிமனைக் குறிக்கும் எஸ்.டபிள்யூ.ஜி. முறையை ஒட்டியது. மோட்டார் காயில் சுற்றியவர்களுக்குத் தெரியும், நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். அமெரிக்க ஊசியோ நம்பர் ஏறத் தடிக்கும்.

குரோஷாவிலும் இதே குழப்பம்தான். பிரிட்டிஷாரின் ‘டபுள்’ அமெரிக்கருக்கு ‘சிங்கிள்’. ஆகவே புத்தகம் எங்கே அச்சானது என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது நூல். அன்றைய உல்லன் இன்று அப்படியே கிடைப்பது அரிது. எனவே மாதிரித் துண்டு ஒன்று பின்னி, 4 அங்குலத்தில் உள்ள கண்ணிகளை எண்ணுங்கள். புத்தகம் 28 சொல்லி, உங்களுக்கு 26 வந்தால், 196 கண்ணிகளில் 28 அங்குலம் வரவேண்டிய மார்புச் சுற்றளவு 30-ஐத் தாண்டிவிடும். பிரிட்டிஷ் 10-க்குப் பதில் 11-ஆம் நம்பரில் பின்னிப் பாருங்கள்.

சரியாக வந்த ஊசியை மில்லிமீட்டரில் புத்தக ஓரத்தில் குறித்து வையுங்கள். நாளைக்குப் பேத்தி எடுத்துப் பின்னும்போது அவளுக்கு இந்தச் சந்தேகம் வராது.