உங்களுக்குத் தெரியுமா? டிவிடி பிளேயரும் ஏமாறும்!

அழித்து எழுதும் டிவிடி-ஆர்டபிள்யூவைச் சில பழைய பிளேயர்கள் இரட்டை அடுக்கு சினிமா வட்டு என்று நினைத்துக் குழம்பிவிடும். இரண்டுமே லேசர் ஒளியில் சுமார் 18–30 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகின்றன. கடையில் வாங்கும் ஒற்றை அடுக்கு டிவிடி என்றால் 45க்கு மேல்! ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடி-ஆரும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால் குழம்பும் பிளேயருக்கு அதில் எழுதிப் பாருங்கள். வேறு சிக்கல்களும் உண்டு:

● எழுதிய வட்டு கணினியில் ஓடி, பிளேயரில் ஓடவில்லையா? எழுதி முடித்த வட்டை 'ஃபைனலைஸ்' செய்யாமல் (பதிவை நிறைவு செய்து மூடாமல்) விட்டிருக்கலாம்.

● படம் உண்டு, சத்தம் இல்லை: பிளேயருக்குப் புரியாத டிடிஎஸ் ஒலியாக இருக்கலாம். வட்டைத் துடைத்துப் பயனில்லை.

● ஏவிஐ ஃபைல் வெறும் உறைதான். உள்ளே இருக்கும் வீடியோ வகை டிவ்எக்ஸா வேறா என்பதே கேள்வி. ஃபைல் பெயரை மாற்றினால் பிளேயர் மசியாது.

● நிரம்பிய வட்டில் கிளைமாக்ஸ் மட்டும் திக்குகிறதா? பதிவு நடுவிலிருந்து விளிம்புக்குப் போவதால் படத்தின் முடிவு விளிம்பில் இருக்கும். விரல் படுவதும் விளிம்பில்தான்.