குப்பையில் உறையும் உபகாரிகள்

மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு வீடுகளின் குப்பை நெடுங்காலம் பெருங்குடி மேட்டுக்கே போயிற்று. பள்ளிக்கரணைச் சதுப்பை விழுங்கிய அம்மேடு 2022 ஏப்ரலில் பல நாள் எரிந்தது. அக்குப்பையிலேயே, வாழைப்பட்டை, கீரைத்தண்டு முதலியவற்றின் நார்ப்பொருளாகிய செல்லுலோஸை ஜீரணிக்கும் பாக்டீரியாக்கள் வாசஞ்செய்கின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பது மஹாவித்தையன்று. குப்பை கரைத்த நீரைச் செல்லுலோஸ் கலந்த அகர்த் தட்டில் தடவி வளர்த்து, காங்கோ சிவப்புச் சாயமிட்டு உப்புநீரால் கழுவினால், செல்லுலோஸ் தீர்ந்த இடம் வெளிர்வளையமாகத் தோன்றும். நடுவே இருப்பதே உபகாரி. ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் இந்தூரில் செடிக்கழிவையும் சாணத்தையும் அடுக்கிப் புரட்டி, இத்தகைய கிருமிகளிடமே வேலை வாங்கி, 1931-இல் அம்முறையை நூலாக வெளியிட்டனர். புரட்டியது காற்றுக்காக. பிளாஸ்டிக் பையில் முடிந்தெறிந்தாலோ காற்றற்று, தீப்பற்றும் மீதேனே மிஞ்சும். பிரித்துக் கொடுக்கும்படி 2016 விதிகள் கூறின. சமையலறையில் இரண்டாவது வாளி வைக்கவுமா சர்க்காரை எதிர்பார்ப்பது?