கோடு போட்டது யார்?

2007 மார்ச் 28. லண்டனில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தின் செய்தியாளர் கூட்டம். வைஸ் அட்மிரல் சார்லஸ் ஸ்டைல் வரைபடம் ஒன்றைக் காட்டி எண்களைப் படித்தார்: வட அட்சரேகை 29 டிகிரி 50.36 நிமிடம், கிழக்குத் தீர்க்கரேகை 48 டிகிரி 43.08 நிமிடம். ஐந்து நாள் முன்பு பிரிட்டிஷ் வீரர்கள் 15 பேரை ஈரானின் புரட்சிக் காவல் படை பிடித்துக்கொண்டு போன இடம் இதுதான், இது ஈராக்கின் கடல் எல்லைக்குள் 1.7 கடல் மைல் தள்ளி இருக்கிறது, எனவே ஈரான் செய்தது அத்துமீறல் என்பது அவர் வாதம்.

தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை சொல்கிற மனிதரிடம் குறுக்குக் கேள்வி கேட்க யாருக்கும் கொஞ்சம் தயக்கம் வரும். வரைபடம் உலகம் முழுக்கச் செய்திகளில் வந்தது. அதில் ஒரு புள்ளியும் ஒரு கோடும் இருந்தன. புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பலரும் விவாதித்தார்கள். கோடு எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

சம்பவம் சிக்கலானது இல்லை. மார்ச் 23 காலை, பாரசீக வளைகுடாவின் வடமுனையில் ரோந்தில் இருந்த 'எச்எம்எஸ் கார்ன்வால்' போர்க்கப்பலிலிருந்து இரண்டு ரப்பர் படகுகளில் 8 கடற்படையினரும் 7 மரைன்களும் புறப்பட்டார்கள். இந்தியக் கொடி பறந்த சரக்குக் கப்பல் ஒன்றில் ஏறிச் சோதனை போட்டார்கள். துணைக்கு வந்த ஹெலிகாப்டர் திரும்பிப் போய்விட்டது. ஆழமில்லாத கடல் என்பதால் தாய்க்கப்பல் தொலைவில் நின்றது. சோதனை முடித்து அவர்கள் படகுக்கு இறங்கிய நேரத்தில் ஈரானியப் படகுகள் வந்து சூழ்ந்துகொண்டன. ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை.

இனி, எங்கே பிடித்தார்கள் என்ற சண்டை. பிரிட்டன் தன் பக்கத்துக்கு நல்ல ஆதாரமே வைத்திருந்தது. படகின் ஜிபிஎஸ் பதிவு இருந்தது. போதாததற்கு, நங்கூரமிட்டு அங்கேயே நின்றிருந்த அந்தச் சரக்குக் கப்பலுக்கு மேல் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டு, ஒரு கை ஜிபிஎஸ் கருவியை நீட்டிப் பிடிக்க, கருவியின் திரையில் எண்களும் கீழே கடலில் கப்பலும் ஒரே சட்டத்துக்குள் வருமாறு படம் எடுத்திருந்தார்கள். கப்பலின் கேப்டனும் தன் கப்பல் ஈராக் கடலில்தான் நின்றது என்று சொன்னதாக அமைச்சகம் அறிவித்தது.

ஈரான் தரப்போ தன் வாதத்தைத் தானே குலைத்துக்கொண்டது. சனிக்கிழமை ஒரு இடத்தைக் குறித்துக் கொடுத்தார்கள். அந்த இடமும் ஈராக் பக்கத்தில்தான் வருகிறது என்று பிரிட்டன் சுட்டிக்காட்டியது. திங்கட்கிழமை வேறொரு இடம் வந்தது. பழையதிலிருந்து சுமார் 1,800 கெஜம், ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் நகர்ந்து, கச்சிதமாக ஈரான் பக்கத்தில். இந்தத் தகவலை வெளியிட்டது பிரிட்டன்தான் என்பதை மறக்காமல் வைத்துக்கொண்டாலும், எதிராளி தவறைச் சுட்டிக்காட்டியபின் இடத்தை மாற்றிச் சொல்கிற சாட்சியை எந்த நீதிமன்றமும் நம்பாது. பிடிபட்டவர்களைத் தொலைக்காட்சியில் உட்காரவைத்து 'எல்லை தாண்டினோம்' என்று சொல்லவைத்ததும், குழுவில் இருந்த ஒரே பெண்ணின் பெயரில் ஈராக்கிலிருந்து படைகளைத் திரும்பப்பெறச் சொல்லும் கடிதங்களை வெளியிட்டதும் அந்தச் சந்தேகத்தை வளர்த்தனவே தவிரக் குறைக்கவில்லை. காவலில் இருப்பவர் கேமரா முன் சொல்வது காவல் வைத்தவரின் வாக்குமூலம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, ஒரு பக்கம் புளுகியிருக்க வாய்ப்பு அதிகம். அதனாலேயே மறுபக்கம் அரிச்சந்திரன் ஆகிவிடுமா? அன்று பெரும்பாலான பத்திரிகைகள் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

கோட்டுக்கு வருவோம். ஈரானும் ஈராக்கும் 1975இல் அல்ஜியர்ஸில் பேசி முடித்த உடன்படிக்கை, ஷட் அல்-அரப் ஆற்றில் எல்லையைத் தீர்மானித்தது. ஆற்றின் ஆழமான நீரோட்டப் பாதையின் நடுவே கோடு போகும். அது ஆற்றுக்கு. கழிமுகத்தைத் தாண்டிக் கடலுக்குள் கோடு எப்படி நீளும் என்று இரு நாடுகளும் எழுதிக்கொள்ளவில்லை. 1980இல் அந்த ஒப்பந்தத்தையே சதாம் உசேன் தூக்கி எறிந்தார். எட்டு ஆண்டுப் போர் வந்தது. பிறகு குவைத், தடைகள், 2003 படையெடுப்பு. உட்கார்ந்து பேச நேரம் இல்லை. அளவைக் கல் நடாத பங்காளி நிலம் மாதிரிக் கிடந்தது அந்தக் கடல். போதாக்குறைக்கு ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டலில் சேற்றுத் திட்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். கரையோரத் தாழ்நீர்க் கோட்டிலிருந்துதான் கடல் எல்லையை அளக்க வேண்டும் என்றால், அளவுகோலை வைக்கும் இடமே நிலையாக இல்லை.

தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும். 'எல்லை தாண்டி மீன் பிடித்ததாக' என்ற சொற்றொடரை இங்கே வாரம் தவறாமல் படிக்கிறோம். கச்சத்தீவு விஷயத்தில் ஆயிரம் மனக்குறை இருக்கலாம். ஆனால் பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தமும், மன்னார் வளைகுடாவில் 1976 ஒப்பந்தமும் எல்லைப் புள்ளிகளை எண்களாகவே எழுதிவைத்திருக்கின்றன. ஒரு படகு எங்கே பிடிபட்டது என்பது தெரிந்தால், எந்தப் பக்கம் என்று யார் வேண்டுமானாலும் கணக்குப் பார்க்கலாம். பாரசீக வளைகுடாவின் அந்த மூலையில் இப்படிக் கணக்குப் பார்க்க ஒப்புக்கொண்ட ஏடு எதுவும் இல்லை.

அப்படியிருக்க, பிரிட்டன் வெளியிட்ட வரைபடத்தில் கோடு, இரு நாடுகளும் ஏற்றுக்கொண்ட எல்லையைப் போலவே அழுத்தமாக ஓடியது. 'இது எங்கள் மதிப்பீடு' என்ற குறிப்பு இல்லை.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் கிரெய்க் மரே. பிரிட்டன் வெளியுறவுத் துறையில் கடல்சார் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர்; பின்னாளில் உஸ்பெகிஸ்தானில் தூதர்; அங்கு நடந்த சித்திரவதைகளைப் பற்றிப் பேசி, மேலிடத்தோடு மல்லுக்கட்டிப் பதவியை இழந்தவர். 'கோபத்தில் பேசுகிறார்' என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் அவர் சொன்னதைச் சோதிக்க அவரை நம்ப வேண்டிய தேவையே இல்லை. ஈரானுக்கும் ஈராக்குக்கும் இடையே கடல் எல்லை ஒப்பந்தம் இருக்கிறதா, இல்லையா? தேடிப்பார்த்தால் தெரிந்துவிடும். இல்லை. ஈரான் செய்தது சரி என்று மரே வாதாடவும் இல்லை. எல்லை நிச்சயமானது என்று காட்டுவதுதான் பொய் என்றார்.

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் தரப்பிலேயே ஒருவர் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார். அங்கே ரோந்துப் படைக்குத் தலைமை வகித்த கமோடோர் நிக் லாம்பர்ட், தம் ஆட்கள் ஈராக் கடலில் இருந்தார்கள் என்பதில் தமக்கு ஐயமில்லை என்றார். அதே மூச்சில், ஈரானியர்கள் தங்கள் கடல் என்று கோரக்கூடும், இந்தப் பகுதியில் எல்லை எது என்பது மிகவும் சிக்கலான விஷயம் என்றும் சேர்த்தார். கடலில் நின்றவர் 23ஆம் தேதி சொன்ன அந்தச் சிக்கல், லண்டன் வரைபடத்தில் 28ஆம் தேதி காணாமல் போயிருந்தது. அரசின் நேர்மையை எடைபோட விரும்பும் வாசகர் கத்தரித்து வைக்கவேண்டிய செய்தி இது. முதல் நாள் பேச்சில் இருந்த 'இருக்கலாம்', 'சிக்கல்' போன்ற சொற்கள் ஆறாம் நாள் அறிக்கையில் உதிர்ந்து போனால், இடையில் புதிய ஆதாரம் ஏதும் வந்ததா என்று பார்க்கவேண்டும். இங்கே புள்ளிக்கு ஆதாரம் வந்தது. கோட்டுக்கு வரவில்லை.

இன்னும் ஒன்று. பிரிட்டனுக்கு இந்தக் கோடு அவசியமே இல்லை. கடல் சட்டம் குறித்த ஐ.நா. உடன்படிக்கைப்படி, அயல்நாட்டுப் போர்க்கப்பல் விதியை மீறி நடந்தால் கரையோர நாடு அதை உடனே வெளியேறச் சொல்லலாம். ஏறிப் பிடித்து ஆட்களைக் கொண்டுபோக இடமில்லை. போர்க்கப்பலுக்கு இறையாண்மைக் காப்பு உண்டு. ஆகவே 'அந்த இடம் ஈராக்குடையது என்றே கருதுகிறோம். கோடு குறித்துக் கருத்து வேறுபாடு இருக்கலாம். எப்படியானாலும் பிடித்துச் செல்ல ஈரானுக்கு உரிமை இல்லை' என்று சொல்லியிருந்தால் வாதம் உண்மையாகவும் இருந்திருக்கும், உறுதியாகவும் இருந்திருக்கும். ஆனால் 'கருதுகிறோம்' என்ற சொல் தொலைக்காட்சித் திரையில் எடுபடாது.

வரைபடம் வெளியான மறுநாள் ஐ.நா. பாதுகாப்பு அவை வெளியிட்ட அறிக்கை 'ஆழ்ந்த கவலை'யோடு நின்றது. வீரர்கள் ஈராக் கடலில் இருந்தார்கள் என்று அவை சொல்லவேண்டும் என்பது பிரிட்டனின் விருப்பம். அந்த வரி இடம்பெறவில்லை.

ஏப்ரல் 4 அன்று ஈரான் அதிபர் அகமதிநெஜாத் நபிகள் நாயகத்தின் பிறந்தநாளையும் ஈஸ்டரையும் சொல்லி, 15 பேரையும் பிரிட்டிஷ் மக்களுக்குப் 'பரிசாக' விடுவிப்பதாக அறிவித்தார். ஆண்களுக்குப் புதுச் சூட்டு மாட்டிவிட்டார்கள். ஊர் திரும்பிய பிறகு, கண்ணைக் கட்டி வைத்ததையும் தனிமைச் சிறையையும் அவர்கள் விவரித்தார்கள். முந்தின நாள்தான், ஈராக்கில் கடத்தப்பட்டிருந்த ஈரானியத் தூதரக அதிகாரி ஒருவர் விடுதலையாகியிருந்தார். பேரம் ஏதுமில்லை என்றார் பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர். உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆவணம் வரும்வரை அந்தக் கூற்றை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் ஓரமாக வைப்பதே முறை.

மறைத்ததெல்லாம் பொய்யாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிடிபட்ட மரைன் அதிகாரி ஒருவர், அதற்குச் சில நாள் முன்பு ஸ்கை நியூஸுக்கு அளித்த பேட்டியில், ரோந்தின்போது ஈரானியர்களின் நடமாட்டம் பற்றி உளவுத் தகவலும் திரட்டுவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பேட்டியை விடுதலை வரை ஒளிபரப்பாமல் வைத்திருந்தது தொலைக்காட்சி. கைதிகளின் உயிர் ஊசலாடும்போது வாய் மூடியிருப்பது வேறு. இல்லாத எல்லையை இருப்பதாக வரைந்து காட்டுவது வேறு.

அவ்வாண்டு ஜூலையில் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு அறிக்கை தந்தது. அரசு கொடுத்த வரைபடம் இருக்கவேண்டிய அளவு தெளிவாக இல்லை என்பதற்குச் சான்று இருக்கிறது, அதன் துல்லியத்தைக் கேள்வி கேட்பது ஈரானுக்கும் லாபமாக இல்லாமல் போனது அரசின் அதிர்ஷ்டம் என்று நாசூக்காகக் குட்டியது. அது ஏன் லாபமில்லை என்பதும் யோசிக்கத் தக்கது: எல்லையே தெளிவில்லை என்று ஒப்புக்கொண்டால் 'எங்கள் கடலுக்குள் நுழைந்தார்கள்' என்ற ஈரானின் வாதமும் சேர்ந்து கரைந்துவிடும். இரண்டு எதிரிகளுக்கும் ஒரே பொய்யான நிச்சயம் தேவைப்பட்டது. 2008 ஏப்ரலில் 'தி டைம்ஸ்' நாளேடு, தகவல் உரிமைச் சட்டத்தில் வெளிவந்த ஆவணங்களை வைத்து, அந்தக் கோட்டை வரைந்தது அமெரிக்கத் தலைமையிலான கூட்டுப்படை என்றும், ஈரானுக்கு அதைத் தெரிவிக்கவே இல்லை என்றும் எழுதியது. தெரிவிக்காத எல்லையை ஒருவன் மீறினான் என்று குற்றம் சாட்டியிருக்கிறார்கள்.

அரசுகள் இதைவிடத் துணிச்சலாகவும் நடந்திருக்கின்றன. 1968 ஜனவரியில் வட கொரியா 'பியூப்லோ' என்ற அமெரிக்க உளவுக் கப்பலைப் பிடித்தது. ஒருவர் கொல்லப்பட்டார், 82 பேர் பதினொரு மாதம் சிறையில். டிசம்பர் 23 அன்று பன்முன்ஜோமில் அமெரிக்க ஜெனரல் கில்பர்ட் உட்வர்ட், தான் கையெழுத்திடப் போகும் ஆவணம் உண்மைக்கு மாறானது, ஆட்களை மீட்க மட்டுமே கையெழுத்திடுகிறேன் என்று முதலில் உரக்கப் படித்தார். பிறகு, எல்லை மீறியதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கும் அந்த ஆவணத்தில் கையெழுத்திட்டார். பொய் என்று அறிவித்துவிட்டுப் பொய்யில் கையெழுத்திட்டதால் ஏமாந்தவர் யாருமில்லை.

2016 ஜனவரியில் ஃபார்சி தீவருகே அமெரிக்கக் கடற்படையினர் 10 பேரை ஈரான் பிடித்தது. முதலில் இயந்திரக் கோளாறு என்றார்கள் அமெரிக்க அதிகாரிகள். இரண்டொரு நாளில் பாதுகாப்பு அமைச்சர் ஆஷ் கார்ட்டர், வழி தவறிவிட்டார்கள் என்றார். ஜூன் மாத இறுதியில் வந்த கடற்படையின் விசாரணை அறிக்கை தம் ஆட்களின் திட்டமிடல் மோசம், படகுகள் ஈரான் கடலுக்குள் போனது உண்மை என்று ஒப்புக்கொண்டது. கூடவே, அப்படியும் படகில் ஏறிப் பிடித்தது சட்டமீறல் என்றது. வாக்குமூலம் மாறியது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் தனக்குப் பாதகமான திசையில் மாறியது. 2007இல் ஈரான் கொடுத்த இடக்குறிப்பு தனக்குச் சாதகமான திசையில் நகர்ந்ததோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும்.

பிரிட்டிஷ் வாசகர்களில் பலர் 2007இல் தங்கள் அரசை நம்பாததற்கு இன்னொரு காரணம், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று 2002 செப்டம்பரில் அதே பிளேர் அரசு வெளியிட்ட ஆவணம். ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. ஒருமுறை ஏமாந்தவர்கள் மறுமுறை உஷாராவது நியாயம். ஆனால் பழைய பொய்யை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதியவர்கள், ஈரான் சொன்ன இடத்தை அப்படியே நம்பி, எதிர்ப்பக்கச் சுவரில் போய் முட்டிக்கொண்டார்கள். அந்தப் புள்ளியைப் பொறுத்தவரை பிளேர் அரசு சொன்னதே பெரும்பாலும் உண்மை. கோட்டைப் பொறுத்தவரை அது ஊரை ஏமாற்றியது. ஈரானோ இரண்டிலும் அதைவிட மோசம்.

அடுத்த முறை எங்கோ ஒரு கடலில் மாலுமிகள் பிடிபட்டு, மறுநாள் நாளிதழில் வரைபடம் வந்தால், புள்ளியை அப்புறம் பார்க்கலாம். கோட்டின் அருகே எந்த ஒப்பந்தம், எந்த ஆண்டு என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.