பட்டன் உண்மையில் எங்கே இருக்கிறது?

ஆப்பில் ஒரு பட்டன் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு வழுக்கிப்போய் நிற்கிறது. நின்ற இடத்தில் தட்டினால் ஒன்றும் நடப்பதில்லை. கிளம்பிய இடத்தில், வெறும் திரையைத் தட்டினால் வேலை செய்கிறது. ஆண்ட்ராய்டின் தொடக்ககால அனிமேஷன் கருவிகளில் இது பிழையே அல்ல, அவற்றின் இயல்பு. அவற்றுள் ஒன்றான டிரான்ஸ்லேட்அனிமேஷன் பட்டனை வரையும் நேரத்தில் மட்டும் தள்ளி வரையும். பட்டனின் இடமாக நினைவகத்தில் பதிந்திருக்கும் எண்ணைத் தொடாது. 2011இல் ஆண்ட்ராய்டு 3.0உடன் வந்த ஆப்ஜெக்ட்அனிமேட்டர் அந்த எண்ணையே ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாற்றியது. படம் போன இடத்துக்குத் தொடுகையும் கூடவே போனது. ஆகவே, அசைவு எவ்வளவு அழகு என்பதற்கு முன் ஒரு கருவியிடம் கேட்க வேண்டியது, அது எந்த எண்ணை மாற்றுகிறது என்பதைத்தான்.

ஐபோனில் கதை தலைகீழ். அங்கே கோர் அனிமேஷன் என்ற அனிமேஷன் கருவி ஒரே பொருளுக்கு இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. பட்டன் போன்ற திரைப்பொருள்களுக்கு அடிப்படையான யூஐவியூவின் வழக்கமான அனிமேஷனில், ஒன்றில் இறுதி மதிப்பு அந்தக் கணமே ஏறிவிடும்; இடைப்பட்ட மதிப்புகள் திரைக்கான மற்றொன்றில் ஓடும். பட்டன் பாதி வழியில் தெரியும்போதே, அது போய்ச் சேர்ந்துவிட்டதாக ஆப் நினைக்கிறது. இதுவும் பொய்தானே என்று கேட்கலாம். பொய்தான், ஆனால் அசைவு முடிந்ததும் தீர்ந்துவிடும் பொய். பழைய ஆண்ட்ராய்டின் பொய்யோ அசைவு நின்ற பிறகும் நீடித்தது. கால் நொடி அசைவை யார் கவனிக்கப்போகிறார்கள் என்ற வாதம் முதலாவதற்குப் பொருந்தும், இரண்டாவதற்குப் பொருந்தாது.

அப்படியானால் அகலம், உயரம், விளிம்பு எல்லாவற்றையும் நேரடியாகவே மாற்றிக்கொண்டு போகலாமே? நேரம் இடம் கொடுக்காது. நொடிக்கு 60 ஃப்ரேம் காட்டும் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி, 120 என்றால் அதில் பாதி. அகலம் மாறினால் பெரும்பாலும் அண்டையில் இருப்பவற்றையும் தாங்கும் பெட்டியையும் மறுபடி அளக்க வேண்டிவரும். நகர்வு, சுழற்சி, அளவுப்பெருக்கம், ஒளிபுகும் தன்மை ஆகியவை அளந்து முடித்தபின் சேர்பவை. மறு அளவீடு கேட்பதில்லை. ஆப் எழுதும் கட்டமைப்பான ரியாக்ட் நேட்டிவில் அனிமேஷனை ஓட்டும் நேட்டிவ் டிரைவர் இவ்வகைப் பண்புகளை ஏற்று, அகலம் உயரத்தை நெடுங்காலம் மறுத்துவந்ததை வெறும் குறையாக நான் பார்க்கவில்லை.

நகர்வுப் பண்புக்கும் ஒரு போதாமை உண்டு: நகரும் பொருளுக்கு அக்கம்பக்கம் ஒதுங்கி வழிவிடாது. பட்டியலில் ஒரு வரியை நீக்கினால் கீழ் வரிகள் மேலேறியாக வேண்டும். ஆண்ட்ராய்டில் பட்டியல் காட்டும் ரிசைக்ளர்வியூ இதற்குச் செய்வது கெட்டிக்காரத்தனம்: வரிகளைப் புதிய இடத்தில் ஒரே முறை அளந்து உட்காரவைத்துவிட்டு, நகர்வு மதிப்பால் பழைய இடத்தில் இருப்பதுபோல் காட்டி, பிறகு அந்த மதிப்பைப் படிப்படியாகப் பூஜ்யமாக்குகிறது.