பால் பற்களின் வரவு செலவுக் கணக்கு

2003-இல் ஸ்காட்லாந்தின் தொடக்கப் பள்ளி முதல் வகுப்புக் குழந்தைகளில் 45% பேருக்கு மட்டுமே வெளிப்படையான பற்சொத்தை இல்லை. ஐந்து வயதை ஒட்டிய 100 குழந்தைகளில் 55 பேருக்குச் சொத்தை இருந்தது. சொத்தையற்றோர் விகிதம் 2008-இல் 58%, 2014-இல் 68%, 2020-இல் 73.5%. 17 ஆண்டுகளில் பாதிக்கப்பட்டோர் 100-க்கு 55-லிருந்து 26.5 ஆயினர், 52% குறைவு.

பற்களை எண்ணினால் சரிவு இன்னும் பெரிது. சொத்தையான, அடைக்கப்பட்ட, சொத்தையால் இழந்த பால் பற்கள் 2003-இல் குழந்தைக்குச் சராசரி 2.76, 2020-இல் 1.04. 100 குழந்தைகளின் 2,000 பால் பற்களில் 276 கெட்டிருந்த நிலை மாறி 104 ஆனது, 62% குறைவு. பாதிக்கப்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்தாலும், ஒருவருக்கு 5.0 பற்கள் என்பது 3.9 ஆகியிருக்கிறது.

செய்தது எளிய வேலை. மழலையர் பள்ளிகளில் நாள்தோறும் ஒரு முறை, ஆசிரியர் மேற்பார்வையில், ஃபுளோரைடு பற்பசையால் குழந்தைகள் பல் துலக்கினர். 2006-இல் முன்னோட்டமாகத் தொடங்கி 2011-இல் நாடு முழுவதும் விரிந்த 'சைல்ட்ஸ்மைல்' திட்டம் இதோடு மேலும் இரண்டைச் சேர்த்தது: குழந்தையின் முதல் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 6 முறை இலவச பிரஷ், பற்பசை, ஏழ்மைப் பகுதிகளில் ஆண்டுக்கு 2 முறை ஃபுளோரைடு வார்னிஷ் பூச்சு. குடிநீரில் ஃபுளோரைடு கலக்கும் திட்டம் ஸ்காட்லாந்தில் இல்லை.

மழலையர் பள்ளிப் பல் துலக்கலின் செலவு ஆண்டுக்கு 17,62,621 பவுண்டு என 2015-இல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஐந்து வயதுக் குழந்தைகளின் பல் சிகிச்சைச் செலவு 2001–02-இல் 87,66,297 பவுண்டு. 2009–10-இல் 47,31,097 பவுண்டு. மிச்சம் 40,35,200 பவுண்டு, அதாவது 46%. அந்த ஓர் ஆண்டில், செலவிட்ட 1 பவுண்டுக்கு 2.29 பவுண்டு சிகிச்சைச் செலவு குறைந்தது.

சைல்ட்ஸ்மைலுக்கு முன்பே தொடங்கிய இந்தப் பல் துலக்கலின் முதல் இரண்டு ஆண்டுகளின் கணக்கோ வேறு. 2002–03-இல் சிகிச்சைச் செலவு 2,13,380 பவுண்டு (2.4%) கூடியது. 2003–04-இல் 12,17,255 பவுண்டு (13.9%) மிச்சமானாலும், திட்டச் செலவை ஈடுகட்ட இன்னும் 5,45,366 பவுண்டு தேவைப்பட்டது. அன்றே கணக்கை மூடியிருந்தால் திட்டம் நட்டம் என்றே பதிவாகியிருக்கும். சரிவு முழுவதற்கும் பல் துலக்கல் ஒன்றே காரணம் எனச் சொல்ல இயலாது. ஆனால் சிகிச்சைச் செலவு மிக அதிகமாகக் குறைந்தது மிக ஏழ்மையான பிரிவில்தான் என்பது அதே ஆய்வின் முடிவு.

அதன் பின்னும் இடைவெளி மறையவில்லை. 2020-இல் மிக ஏழ்மையான பகுதிகளில் சொத்தையற்ற குழந்தைகள் சுமார் 58%, மிக வசதியான பகுதிகளில் சுமார் 87%; வேறுபாடு 29 புள்ளிகள். நாட்டின் சராசரி 2008-இல் எட்டிய 58%-ஐ ஏழைக் குழந்தைகள் 12 ஆண்டு தாமதமாக எட்டியிருக்கிறார்கள்.

வேகமும் தணிந்திருக்கிறது. 2003–2014-இல் ஆண்டுக்குச் சராசரி 2.1 புள்ளி உயர்வு, 2014–2020-இல் 0.9. கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டதற்குப் பின், 2022-இலும் 2024-இலும் விகிதம் 73% அளவிலேயே நிற்கிறது.

இந்தியாவின் 2002–03 தேசிய வாய்நலக் கணக்கெடுப்பு ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9% பேருக்குச் சொத்தை என்றது. அளவிடும் முறைகள் வேறு என்பதால் நேர் ஒப்பீடு கூடாது. ஆயினும் அன்றைய ஸ்காட்லாந்தின் 55%-இலிருந்து இது வெகு தொலைவில் இல்லை. இதே பல் துலக்கலை நடத்தத் தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒரு முறைக்குப் பட்டாணி அளவு, அதாவது 0.25 கிராம் பற்பசை போதும். ஆண்டுக்கு 250 நாட்கள் என்றால் 62.5 கிராம். 25 குழந்தைகள் உள்ள மையத்துக்கு ஆண்டுக்கு 1.56 கிலோ, மூன்று மாதத்துக்கு ஒன்று வீதம் 100 பிரஷ்கள்.

மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, சுமார் 0.1 கிராம். 1,000 பிபிஎம் பற்பசையானால் அதில் 0.1 மில்லிகிராம் ஃபுளோரைடு. இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் உச்சம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், குழந்தை பசை முழுவதையும் விழுங்கினாலும் அத்தகைய ஒரு லிட்டர் நீரில் உள்ளதில் 15-இல் ஒரு பங்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரே இந்த உச்சத்தைத் தாண்டும் இடங்கள் உண்டு. அங்கே பல் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்ய வேண்டும்.

பற்பசை பாதிக் கணக்குதான். சேர்க்கும் சர்க்கரை உணவு ஆற்றலில் 10%-க்குக் கீழ் இருக்க வேண்டும், 5%-க்குக் கீழ் இருந்தால் மேலும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளுக்கு 1,000 கிலோகலோரி உண்ணும் குழந்தைக்கு 10% என்பது 25 கிராம், 5% என்பது 12.5 கிராம். மூன்று டம்ளர் பாலில் தலா இரண்டு தேக்கரண்டி (தலா 4 கிராம்) போட்டால் 24 கிராம். ஒன்றாகக் குறைத்தால் 12 கிராம்.

தமிழ்நாடு அங்கன்வாடிகளில் பல் துலக்கலைத் தொடங்கினால் இரண்டு எண்கள் முன்கூட்டியே தேவை: முதல் நாளில் ஐந்து வயதுக் குழந்தைகளின் சொத்தை விகிதம், குறைந்தது எட்டு ஆண்டுக்கான நிதி ஒதுக்கீடு. முதல் எண் இல்லாவிட்டால் பலனை அளக்க முடியாது. இரண்டாவது எண் 2 ஆக இருந்தால் செலவு மட்டுமே கண்ணில் படும். 8 ஆக இருந்தால்தான் மிச்சமும் கணக்கில் ஏறும்.